கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கு மாணவராகப் பங்களிக்கத் தொடங்குவது எப்படி

திறந்த மூல நிலவரைபட மென்பொருளுக்குப் பங்களிக்க விரும்பும் மாணவர்களில் பலர் முதல் நாளிலேயே மூல நிரலை இறக்கித் தொகுக்க, அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவமாக்க, முற்படுகின்றனர். பல லட்சம் வரிகள் கொண்ட சி++ நிரலைச் சாதாரண மடிக்கணினியில் தொகுப்பது எளிதன்று. அதற்குத் தேவையான துணை நிரல் நூலகங்களை நிறுவுவதிலேயே ஆர்வம் வற்றிப்போய், இது நமக்கானதில்லை என்று அவர்கள் விலகிவிடுவதுண்டு. இந்த வழிகாட்டி வேறொரு வரிசையைப் பரிந்துரைக்கிறது. முதலில் மென்பொருளை நன்கு பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, பிறர் தெரிவித்த வழுக்களை உங்கள் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பாருங்கள். அதன்பின் ஆவணம், பைத்தான் என நகர்ந்து, தேவை வரும்போது மட்டும் சி++ பக்கம் செல்லுங்கள். ஒரு வழுவைப் பிறர் நம்பும்படி மீண்டும் நிகழ்த்திக் காட்டத் தெரிந்த மாணவர், நிரல் எழுத மட்டும் தெரிந்த மாணவரைவிட அந்தத் திட்டத்துக்குப் பயனுள்ளவர் என்பது என் கருத்து.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது கியூஜிஐஎஸ். 2002ஆம் ஆண்டில் கேரி ஷெர்மன் இதைத் தொடங்கியபோது, லினக்ஸ் கணினியில் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் உள்ள நிலத்தரவைத் திறந்து பார்க்க உதவும் சிறு கருவியாகவே இது இருந்தது. 2009இல் 1.0 பதிப்பு வெளிவந்தது. இன்று புவித்தகவியல் துறையில் பரவலாகப் பயன்படும் முழுமையான மேசைக்கணினி மென்பொருளாக இது வளர்ந்துள்ளது. இதன் உட்பகுதி, சாளரங்களையும் பொத்தான்களையும் உருவாக்க உதவும் கியூட்டி நூலகத்தைச் சார்ந்து சி++ மொழியில் எழுதப்பட்டது. அதன் பெரும்பகுதியைப் பைத்தானிலிருந்தும் இயக்கலாம். கோப்பு வடிவங்களைப் படிக்க ஜிடிஏஎல், ஆயத்தொலை மாற்றங்களுக்கு ப்ரோஜ், வடிவியல் கணக்குகளுக்கு ஜியோஸ் ஆகிய நூலகங்களை இது நம்பியிருக்கிறது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் தென்படும் சில வழுக்களின் வேர் உண்மையில் இவற்றில்தான் இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் அறிந்தவர்களுக்கு வலைவரைபட நூலகங்களான லீஃப்லெட், மேப்லிப்ரே அல்லது திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஐடி என்ற வரைபடத் திருத்தி பொருத்தமாக இருக்கலாம்; ஜாவா அறிந்தவர்கள் அதே வரைபடத்துக்கான ஜோசம் என்ற திருத்தியின் பக்கமும், கோட்லின் அறிந்தவர்கள் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியின் பக்கமும் செல்லலாம். மென்பொருள் மாறினாலும் மேலே சொன்ன வரிசை பெரும்பாலும் மாறாது.

முதலில் பயனராகுங்கள்

கியூஜிஐஎஸ் சுமார் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஆண்டுக்கு ஒரு பதிப்பு நீண்டகால ஆதரவுப் பதிப்பாக அறிவிக்கப்பட்டு, அதற்கு வழுத்திருத்தங்கள் தொடர்ந்து வழங்கப்படுகின்றன. நீண்டகால ஆதரவுப் பதிப்பு, மிக அண்மைய பதிப்பு ஆகிய இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு வழு பழைய பதிப்பில் இல்லாமல் புதியதில் மட்டும் தோன்றுகிறது என்று சொல்ல முடிந்தால், அந்த ஒரு தகவலே நிரலாளரின் தேடலைப் பெருமளவு சுருக்கிவிடும்.

நிலத்தரவுத் துறைக்குப் புதியவராக இருந்தால், நிரலைத் தொடுவதற்கு முன் ஆயத்தொலை முறைகளை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறைகளை, படித்துவிடுங்கள். கணினி அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். அட்சரேகை தீர்க்கரேகையில் அமைந்த இபிஎஸ்ஜி 4326 தரவை வைத்துக்கொண்டு நூறு மீட்டர் இடையக வளையம் (ஒன்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவு வரை உள்ள பரப்பு) வரையச் சொன்னால், மென்பொருள் அந்த நூறைப் பாகைகளாக எடுத்துக்கொண்டு உலகையே மூடும் வடிவத்தை வரையும், அது வழுவன்று. இதைத் தவிர்க்க, உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் உரிய மண்டலத்துக்கு மாற்ற வேண்டும் என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே செல்வதால் கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும், மதுரையும் சென்னையும் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. மாநிலம் முழுவதையும் ஒரே அடுக்கில் வைத்துப் பரப்பளவு கணக்கிடும்போது ஏன் சிறு வேறுபாடுகள் வருகின்றன என்பதை விளக்கத் தெரிந்தவர், பிறர் எழுதும் வழு அறிக்கைகளில் எது உண்மையான வழு, எது புரிதல் பிழை என்று பிரித்துச் சொல்லும் தகுதியையும் பெற்றுவிடுகிறார்.

வழுவை மீண்டும் நிகழ்த்துதல்

கியூஜிஐஎஸ்ஸின் மூல நிரலும் வழுப்பட்டியலும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ளன. அங்கே கணக்கு தொடங்கியதும், யாரும் அண்மையில் தொடாத ஒரு பழைய அறிக்கையைத் தேர்ந்தெடுங்கள். அதில் சொல்லப்பட்ட படிகளை இப்போதைய பதிப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பாருங்கள். வழு இன்னமும் வருகிறதா, வரவில்லையா, வேறு விதமாக வருகிறதா என்பதைப் பதிப்பு எண்ணும் இயங்குதளத்தின் பெயரும் சேர்த்து அறிக்கையின் கீழே எழுதுங்கள். பதிப்பு, நூலகங்கள் பற்றிய முழு விவரத்தை உதவிப் பட்டியலில் உள்ள அறிமுகச் சாளரத்திலிருந்து அப்படியே நகலெடுக்கலாம். "எனக்கும் இதே சிக்கல்" என்ற ஒற்றை வரியால் எவருக்கும் பயனில்லை.

சோதிக்கும் முன் அமைப்புகள் பட்டியலுக்குச் சென்று புதிய பயனர் சுயவிவரம் ஒன்றை உருவாக்கிக்கொள்வது இன்றியமையாதது. உங்கள் வழக்கமான சுயவிவரத்தில், கூடுதல் வசதிகளுக்காகச் சேர்த்த செருகுநிரல்களும் மாற்றப்பட்ட விருப்பங்களும் நிறைந்திருக்கும். அவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும்போது, கியூஜிஐஎஸ்மேல் பழி போடுவது எளிதில் நேரக்கூடியது. புதிய அறிக்கை எழுதும் படிவமே இந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதிலிருந்து, பராமரிப்பாளர்கள் இதனால் எவ்வளவு அவதிப்பட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நீங்களே புதிய வழுவைக் கண்டால், முதலில் திறந்த அறிக்கைகளையும் மூடிய அறிக்கைகளையும் தேடுங்கள். அங்கே இல்லையெனில் தரவைச் சுருக்குங்கள். பத்தாயிரம் நிலத்துண்டுகள் கொண்ட கோப்பில் வழு வருகிறது என்றால், அதைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதியில் வருகிறது என்று பார்த்து, மீண்டும் வெட்டி, இறுதியில் ஒரேயொரு பலகோணத்தில் கொண்டுவந்து நிறுத்த முடிகிறதா என்று முயலுங்கள். பல நேரங்களில் இந்த வேலையின் நடுவிலேயே காரணம் விளங்கிவிடும். கல்லூரித் திட்டத்துக்காக ஏதேனும் துறையிடமிருந்து பெற்ற தரவை அறிக்கையோடு இணைக்காதீர்கள். அதைப் பொதுவில் வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். பொதுக்களத்தில் உள்ள நேச்சுரல் எர்த் தரவையோ, நீங்களே கையால் வரைந்த நான்கு புள்ளிகளையோ கொண்டு அதே வழுவைக் காட்ட முடிந்தால் அது இன்னும் சிறந்தது. அறிக்கையில் நீங்கள் எதிர்பார்த்ததையும் உண்மையில் நடந்ததையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள். ஓர் அறிக்கையில் ஒரு வழு மட்டுமே இருக்கட்டும். பராமரிப்பாளர் கூடுதல் விவரம் கேட்டால் விரைந்து பதில் தாருங்கள். பதில் வராத அறிக்கைகள் காலப்போக்கில் மூடப்பட்டுவிடும்.

தமிழ் எழுத்தைக் கொண்டு சோதித்தல்

தமிழ் படிக்கத் தெரிந்த மாணவர் வேறெவரையும்விடச் சிறப்பாகச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. வரைபடத்தில் தமிழ்ப்பெயர் உடைந்து தெரிந்தால், அது உடைந்திருக்கிறது என்பதைக்கூடப் பெரும்பாலான நிரலாளர்களால் கண்டுகொள்ள இயலாது. ஆகவே கீழ்க்காணும் சோதனைகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, ஷேப்ஃபைல். நிலத்தரவைச் சேமிக்கும் இந்தப் பழைய கோப்பு வடிவத்தில் பண்புப் பட்டியலின் புலப்பெயர் (நெடுவரிசையின் தலைப்பு) 10 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், மூன்று குறியீடுகளுக்குமேல் இடமில்லை. "ஊராட்சி" என்ற சொல்லுக்கே துணைக்கால், புள்ளி, மேல்விலங்கு எல்லாம் சேர்த்து ஏழு குறியீடுகள், அதாவது 21 பைட்டுகள் தேவை. உரைப் புலத்தின் மதிப்புக்கும் 254 பைட்டு என்ற உச்சவரம்பு இருப்பதால், நீண்ட முகவரிகள் 84 குறியீடுகளோடு நின்றுவிடும். இவை வடிவத்தின் வரம்புகள், மென்பொருளின் வழுக்கள் அல்ல. ஆனால் வெட்டப்படும்போது பயனருக்கு எச்சரிக்கை வருகிறதா, குறியீட்டின் நடுவில் வெட்டுப்பட்டுக் குப்பை எழுத்துகள் தோன்றுகின்றனவா என்பவை கேட்கத் தகுந்த கேள்விகள். ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, இணைப்பு. "கொ" என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வகை, ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஓர் அட்டவணையில் ஒரு வகையிலும் மற்றோர் அட்டவணையில் இன்னொரு வகையிலும் "கொடைக்கானல்" இருந்தால், பெயரை வைத்து அந்த இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும்போது அந்த ஊர் மட்டும் காணாமற்போகும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்வோர் இருப்பதால், அங்கேயும் இதே விளைவு ஏற்படும். இதைச் சரிசெய்யும் சிறு பைத்தான் கருவி ஒன்று உங்கள் முதல் செருகுநிரலாகவே அமையலாம்.

மூன்றாவது, வளைவான பெயர்கள். காவிரியின் போக்கோடு அதன் பெயரை வளைத்து எழுதச் சொல்லும்போது மென்பொருள் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. குறியீடு குறியீடாகப் பிரித்தால் மேல்விலங்கு ஓரிடத்திலும் மெய் வேறிடத்திலும் நிற்கும். இதற்காகவே கியூஜிஐஎஸ்ஸில், பயனர் ஓர் எழுத்தாகக் காணும் தொகுதிகளாகச் சொல்லைப் பிரிக்கும் செயற்கூறு ஒன்று உள்ளது. எழுத்திடைவெளியை அதிகரிப்பது, எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு இடுவது, வரைபடத்தைப் பிடிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து அதிலிருந்து பெயரை நகலெடுப்பது ஆகிய ஒவ்வொன்றிலும் "க்ஷ", "ஸ்ரீ", "நௌ", "கெடிலம்" போன்ற வடிவங்களை வைத்துச் சோதியுங்கள்.

வலைவரைபடங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. மேப்லிப்ரே, அது கிளைத்த மேப்பாக்ஸ் ஜிஎல் ஆகியவை எழுத்துருவை 256 குறியீடுகள் கொண்ட துண்டுகளாக முன்கூட்டியே படமாக்கி வைத்து வரையும் முறையில் உருவானவை. எழுத்துகள் சேரும்போது வடிவமும் இடமும் மாறுகிற தமிழ், தேவநாகரி, கெமர் போன்றவற்றுக்கு அந்த முறை பொருந்திவரவில்லை. மெய்க்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் வந்து நிற்பது அதன் விளைவே. இந்தப் பகுதியில் பணி செய்ய விரும்புவோர் முந்தைய உரையாடல்களை முழுவதும் படித்துவிட்டே பேச வேண்டும். புதியவர் ஒரு வாரத்தில் தீர்த்துவிடக்கூடிய சிக்கலன்று இது. ஆயினும் சரியான வடிவத்தையும் தவறான வடிவத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் நல்ல சோதனைத் தொகுப்பு, அங்கே வேலை செய்வோருக்கு மிகவும் தேவைப்படுகிறது.

ஆவணமும் மொழிபெயர்ப்பும்

கியூஜிஐஎஸ் ஆவணங்கள் தனிக் களஞ்சியத்தில் (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேமிக்கப்படும் இடத்தில்), எளிய உரைக்குறி வடிவில் எழுதப்பட்டு, ஸ்பிங்க்ஸ் என்ற கருவியால் வலைப்பக்கங்களாக மாற்றப்படுகின்றன. ஆவண மாற்றம் தேவைப்படும் புதிய அம்சம் நிரலில் சேரும்போது, ஆவணக் களஞ்சியத்தில் தானாகவே ஒரு பணி திறக்கப்படுகிறது. இந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த அம்சத்தை நீங்களே இயக்கிப் பார்த்து, இரண்டு பத்திகள் எழுதி, ஒரு திரைப்பிடிப்பைச் சேர்த்து அனுப்பினால், மாற்றங்களைப் பதிவுசெய்து பகிரும் கிட் என்ற கருவியின் அடிப்படைகள் அனைத்தும் கைவந்துவிடும்: களஞ்சியத்தை உங்கள் கணக்குக்கு ஃபோர்க் செய்தல் (நகலெடுத்தல்), தனிக் கிளை தொடங்குதல், கமிட் செய்தல் (மாற்றத்தைப் பதிவுசெய்தல்), மாற்றத்தை ஏற்கும்படி புல் ரிக்வெஸ்ட் அனுப்புதல். தொகுக்க வேண்டிய நிரல் ஏதும் இதில் இல்லை.

மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ் தளத்தில் நடைபெறுகிறது. அங்கே %1, %2 போன்ற இடக்குறிகளை அழித்துவிடாதீர்கள். ஆனால் தமிழ் வாக்கிய அமைப்புக்கு ஏற்ப அவற்றின் வரிசையைத் தாராளமாக மாற்றலாம், எண்கள் இருப்பதே அதற்காகத்தான். மொழிபெயர்த்த சாளரத்தை மென்பொருளில் திறந்து பார்த்துவிட்டே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஆங்கிலத்தைவிட நீளமான தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்கு வெளியே வழிந்து வெட்டுப்படுவது வழக்கம்.

பைத்தான் வழியாக நிரலுக்குள் நுழைதல்

கியூஜிஐஎஸ்ஸோடு வரும் ப்ராசஸிங் கருவிகளில் ஒரு பகுதியும், டிபி மேனேஜர் போன்ற உள்ளமைந்த செருகுநிரல்களும் பைத்தானில் எழுதப்பட்டவை. நிறுவப்பட்ட மென்பொருளின் அடைவுக்குள்ளேயே அந்தக் கோப்புகள் திறந்த நிலையில் கிடக்கின்றன. ஒன்றை நகலெடுத்துப் பாதுகாத்துவிட்டு, மூலக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, மென்பொருளை மீண்டும் தொடங்கினால் உங்கள் மாற்றம் நடப்புக்கு வந்துவிடும். எதையும் தொகுக்காமலேயே கியூஜிஐஎஸ்ஸின் உண்மையான வழு ஒன்றைத் திருத்திப் பார்க்க முடியும் என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை.

சொந்தச் செருகுநிரல் எழுத விரும்பினால் பிளகின் பில்டர் என்ற செருகுநிரல் தேவையான கோப்புகளின் சட்டகத்தை உருவாக்கித் தரும். பிளகின் ரீலோடர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருளை மூடித் திறக்கும் தொல்லையைப் போக்கும். கியூட்டி நூலகத்தின் வகைகளை நேரடியாக அழைக்காமல் கியூஜிஐஎஸ் தரும் இடைத்தொகுப்பின் வழியாக அழையுங்கள். கியூட்டியின் பதிப்பு 5இலிருந்து 6க்கு மாறும்போது உங்கள் நிரல் உடையாமல் இருக்க அது உதவும். அதிகாரப்பூர்வத் தொகுப்பில் வெளியிட, திறந்த மூல நிலத்தரவு மென்பொருள்களுக்கான அமைப்பாகிய ஓஎஸ்ஜியோவின் கணக்கு வேண்டும். வெளியிடப்படும் முன் ஒருவர் அதைப் பார்வையிட்டு ஒப்புதல் அளிப்பார். புதிதாக ஒன்றை எழுதுவதைவிட, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கித் தரும் குயிக்ஓஎஸ்எம் போல, ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் செருகுநிரலில் ஒரு குறையைத் திருத்துவதையே முதலில் பரிந்துரைப்பேன். பயனர்களே இல்லாத செருகுநிரலுக்கு வழு அறிக்கையும் வராது, கற்றுக்கொள்ள வாய்ப்பும் வராது.

சி++ நிரலைத் தொகுத்தலும் மாற்றத்தை அனுப்புதலும்

இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு தொகுப்பதில் பொருள் உண்டு. லினக்ஸில் செய்வதே எளிது. களஞ்சியத்தில் உள்ள நிறுவல் குறிப்பில் தேவையான பொதிகளின் பட்டியல் இருக்கிறது. தொகுக்கும் வேலையை அமைத்து நடத்தும் சிமேக், நின்ஜா ஆகியவற்றோடு, தொகுத்தவற்றைச் சேமித்து வைக்கும் சிகேஷ் கருவியையும் அமைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுப்பு மாணவரின் மடிக்கணினியில் மணிக்கணக்கில் ஓடும். அடுத்தடுத்த தொகுப்புகளில் மாறிய கோப்புகளும் அவற்றைச் சார்ந்தவையும் மட்டுமே புதிதாகத் தொகுக்கப்படும்; முழுவதையும் மறுபடி தொகுக்க நேர்ந்தாலும் சிகேஷ் நேரத்தை மிச்சப்படுத்தும். நினைவகம் குறைவாக இருந்தால் இணையாக ஓடும் பணிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். இல்லாவிடில் கணினி உறைந்து நிற்கும்.

அனுப்பும் மாற்றம் சிறியதாக இருக்கட்டும். வழுவைத் திருத்துவதோடு, அந்த வழு மீண்டும் தலைகாட்டினால் தோற்கும்படியான சோதனை ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். சி++ தலைப்புக் கோப்பை மாற்றினால் பைத்தான் இணைப்புக்கான சிப் கோப்புகளும் மாற வேண்டும். அதற்கான நிரல் களஞ்சியத்திலேயே உள்ளது. வடிவமைப்பைச் சரிபார்க்கும் ப்ரீ-கமிட் கருவியை உங்கள் கணினியிலேயே ஓட்டிவிட்டால், இடைவெளி பற்றிய குறிப்புகளை எழுதிச் சலிக்கும் வேலை மதிப்பாய்வாளருக்கு மிச்சமாகும். தானியங்கிச் சோதனைகளில் ஏதேனும் சிவப்பாகத் தெரிந்தால் அதன் பதிவைத் திறந்து படியுங்கள். உங்கள் மாற்றத்துக்குத் தொடர்பில்லாத சோதனைகள் தோற்பதும் உண்டு, அதைக் கண்டறிந்து சொல்வதும் ஒரு பங்களிப்பே. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித்தந்த நிரலை வரிக்கு வரி விளக்க உங்களால் முடியாது என்றால் அனுப்ப வேண்டாம். மதிப்பாய்வாளரின் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

"இதை எனக்கு ஒதுக்கித் தாருங்கள்" என்று கேட்டுக் காத்திருக்கும் பழக்கம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. அது இங்கே தேவையில்லை. காரணம் எந்தக் கோப்பில் இருக்கலாம் என்று நீங்கள் கருதுவதை எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மென்பொருளின் கட்டமைப்பையே பாதிக்கும் பெரிய மாற்றமெனில், நிரல் எழுதும் முன் அதற்கென உள்ள தனிக் களஞ்சியத்தில் முன்மொழிவை வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய சுமார் ஒரு மாதம் புதிய அம்சங்கள் ஏற்கப்படுவதில்லை. வழுத்திருத்தங்கள் மட்டுமே சேரும். ஆகவே அம்சம் ஒன்றை அந்த வேளையில் அனுப்பிவிட்டு, ஏன் யாரும் பார்க்கவில்லை என்று மனம் சோராதீர்கள். மதிப்பாய்வாளர்களில் பலர் தம் சொந்த வேலைக்கு நடுவே இதைச் செய்பவர்கள். இரண்டு வாரம் கழித்துப் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

கோடைகாலத் திட்டத்துக்கு விண்ணப்பித்தல்

புதியவர்கள் வழிகாட்டிகளின் துணையோடு திறந்த மூலத் திட்டங்களில் பணிசெய்ய உதவும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் தொடங்கியது. 2006இல் நிறுவப்பட்ட ஓஎஸ்ஜியோ அமைப்பு 2007 முதல் அதில் பங்கேற்று, நிலத்தரவுத் திட்டங்கள் பலவற்றுக்கும் குடைபோல நின்று மாணவர்களை ஏற்றுவந்துள்ளது. 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதி மாறியது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பணியின் அளவு 90, 175, 350 மணி நேரம் என மூன்று வகைப்படும். எந்தெந்தத் திட்டங்கள் பங்கேற்கின்றன என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிட்டே திட்டமிடுங்கள்.

முன்மொழிவுகள் வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏற்கப்படுகின்றன. அப்போதுதான் முதன்முறையாக அறிமுகம் செய்துகொள்பவரைவிட, முந்தைய அக்டோபரிலேயே வழு அறிக்கைகளில் பெயர் தென்படத் தொடங்கியவருக்கே வாய்ப்பு மிகுதி. முன்மொழிவில் மென்பொருளின் வரலாற்றையும் உங்கள் ஆர்வத்தையும் பக்கக்கணக்கில் எழுத வேண்டாம். எந்தக் கோப்புகளைத் தொடப்போகிறீர்கள், எப்படிச் சோதிப்பீர்கள், பாதி வேலையில் நின்றுபோனாலும் பயன்படக்கூடியதாக எது மிஞ்சும் என்பவற்றை எழுதுங்கள். ஏற்கெனவே சேர்க்கப்பட்ட உங்கள் மாற்றங்களின் இணைப்புகளைத் தொடக்கத்திலேயே தாருங்கள். கால அட்டவணையில் பருவத்தேர்வு நாட்களையும் குடும்ப நிகழ்வுகளையும் மறைக்காமல் குறித்துவிடுங்கள். வழிகாட்டிகள் அதற்கேற்ப வாரங்களை மாற்றி அமைத்துத் தருவார்கள், சொல்லாமல் காணாமற்போவதைத்தான் அவர்களால் சமாளிக்க முடியாது.